38, 36, 32, 30: எந்த விடைக்கு மதிப்பெண்?

"ஒரு குளுக்கோஸ் மூலக்கூறு முழுமையாக ஆக்சிஜனேற்றம் அடைந்தால் எத்தனை ஏடிபி கிடைக்கும்?" பிளஸ் ஒன் வகுப்பில் தொடங்கி நீட், பி.எஸ்சி. செமஸ்டர், மருத்துவப் படிப்பின் முதலாண்டு, முதுகலை நுழைவுத் தேர்வு என்று உயிரியல் மாணவரை விடாமல் துரத்தும் வினா இது. வினா மாறுவதில்லை, விடைதான் மாறுகிறது. ஒரு நூலில் 38, இன்னொன்றில் 36. கல்லூரிக்குப் போனால் 32, அடுத்த பக்கத்திலேயே 30. என்சிஇஆர்டியின் 11ஆம் வகுப்பு உயிரியல் நூல் ஒரு என்ஏடிஹெச்சுக்கு 3 ஏடிபி, ஒரு எஃப்ஏடிஹெச்2க்கு 2 ஏடிபி என்று கற்பிக்கிறது. உலகெங்கும் கல்லூரிகளில் புழங்கும் லெனிஞ்சரின் உயிர்வேதியியல் நூலோ 2.5, 1.5 என்கிறது. பள்ளியில் படித்ததைக் கல்லூரியில் மறக்கச் சொன்னால், எதற்காக மறக்க வேண்டும் என்றும் சொல்ல வேண்டும். பெரும்பாலும் அதை யாரும் சொல்வதில்லை.

இந்த நான்கு எண்களும் எங்கிருந்து வந்தன, எந்த அனுமானத்தின் மேல் நிற்கின்றன, இன்றைய ஆய்வுகள் எந்த எண்ணுக்குப் பக்கபலமாக இருக்கின்றன, இவ்வளவுக்குப் பிறகும் இந்த வினாவை இப்படியே கேட்கலாமா என்பவற்றை இக்கட்டுரை பரிசீலிக்கிறது.

சச்சரவு இல்லாத பாதி

கணக்கின் முதல் பாதியில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. சைட்டோபிளாசத்தில் நடக்கும் கிளைக்காலிசிஸில் 2 ஏடிபி செலவாகி 4 உருவாகிறது, நிகர வரவு 2. கூடவே 2 என்ஏடிஹெச். கிடைத்த 2 பைருவேட்டும் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் போய் அசிட்டைல் கோஎன்சைம் ஏ ஆகும்போது இன்னும் 2 என்ஏடிஹெச். கிரப்ஸ் சுழற்சி இரண்டு முறை சுற்றும்போது 6 என்ஏடிஹெச், 2 எஃப்ஏடிஹெச்2, 2 ஜிடிபி. ஜிடிபியை ஏடிபிக்குச் சமமாக வைத்துக்கொள்ளலாம்.

ஆக, நேரடியாகக் கிடைப்பது 4 ஏடிபி. மூச்சில் வரும் ஆக்சிஜனை நோக்கி எலக்ட்ரான்களைச் சுமந்து செல்லக் காத்திருப்பவை 10 என்ஏடிஹெச்சும் 2 எஃப்ஏடிஹெச்2வும். 1960இல் படித்தவரும் இன்று படிப்பவரும் இதுவரை ஒரே கணக்கைத்தான் போடுவார்கள்.

பிரிவது அடுத்த வரியில். என்ஏடிஹெச்சுக்கு 3, எஃப்ஏடிஹெச்2க்கு 2 என்று வைத்தால் 30 + 4 + 4 = 38. கிளைக்காலிசிஸில் வந்த 2 என்ஏடிஹெச்சும் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் நேராக நுழைய முடியாது என்பதால், அவற்றின் எலக்ட்ரான்கள் எஃப்ஏடிஹெச்2 வழியாகக் கைமாறுகின்றன என்று கொண்டால் 36. அதே இரண்டு கணக்குகளையும் 2.5, 1.5 என்ற விகிதத்தில் போட்டால் முறையே 32, 30. நான்கு விடைகளும் ஒரே கணக்குதான். மாறுவது இரண்டே அனுமானங்கள்: என்ஏடிஹெச்சின் மதிப்பு என்ன, அது எந்த வாசல் வழியாக உள்ளே போகிறது.

ஏடிபியும் சென்னையும்

ஏடிபி மூலக்கூறு 1929இல் இரண்டு இடங்களில் தனித்தனியாகக் கண்டறியப்பட்டது. ஜெர்மனியில் ஓட்டோ மேயர்ஹாஃபின் ஆய்வகத்தில் கார்ல் லோமன், அமெரிக்காவில் ஹார்வர்டு மருத்துவப் பள்ளியில் சைரஸ் ஃபிஸ்கேயும் எல்லாப்பிரகட சுப்பாராவும். பீமவரத்தில் பிறந்த சுப்பாராவ் படித்தது சென்னை மருத்துவக் கல்லூரியில். அங்கிருந்து எம்.பி.பி.எஸ். இல்லாமல் எல்.எம்.எஸ். சான்றிதழோடு வெளியேறி, 1920களின் தொடக்கத்தில் பாஸ்டன் போய்ச் சேர்ந்தார்.

1925இல் ஃபிஸ்கேயோடு சேர்ந்து அவர் வெளியிட்ட பாஸ்பரஸ் மதிப்பீட்டு முறை இன்றும் நம் கல்லூரிகளில் செய்முறைப் பாடம். புரதம் நீக்கிய மாதிரியில் அமில மாலிப்டேட்டைச் சேர்த்து, பிறகு ஒடுக்கும் வினைபொருளைச் சேர்த்தால் சோதனைக் குழாயில் நீலம் படரும். பாஸ்பேட் எவ்வளவோ அவ்வளவு அடர்த்தியான நீலம். கலரிமீட்டரில் வைத்து அளவிட வேண்டியதுதான். இந்தச் செய்முறையைச் செய்கிற மாணவருக்கு ரெக்கார்டு நோட்டில் ஃபிஸ்கே-சுப்பாராவ் என்ற பெயர் தெரியும். ஏடிபி பாடத்தோடு அந்தப் பெயருக்குள்ள உறவை எடுத்துச் சொல்லும் வகுப்புகள் குறைவு. உறவு நெருக்கமானது. ஆக்சிஜன் ஓர் அணு செலவாகும்போது எத்தனை பாஸ்பேட் ஏடிபியாகக் கட்டப்படுகிறது என்பதே பி/ஓ விகிதம். கரைசலில் இருந்து மறையும் பாஸ்பேட்டை நம்பகமாக அளக்க வழி இல்லாமல் அந்த விகிதத்தைத் தேட முடியாது.

செல்லின் ஆற்றல் பரிமாற்றத்துக்கு ஏடிபியே பொது நாணயம் என்ற பார்வையை 1941இல் ஃபிரிட்ஸ் லிப்மன் நிலைநிறுத்தினார். நாணயம் என்று ஆன பிறகு, எத்தனை நாணயம் என்ற கேள்வி தானாக வந்தது.

முழு எண்ணின் பிடி

1930களின் இறுதியில் சோவியத் ஆய்வாளர் பெலிட்சரும் கோபன்ஹேகனில் கால்கரும் சுவாசத்தோடு பாஸ்பேட் சேர்க்கை பிணைந்திருப்பதைக் காட்டினார்கள். பெலிட்சர் கண்ட விகிதம் குறைந்தது 2. 1943இல் செவெரோ ஒச்சோவா இதயத்தசைச் சாற்றில் அளந்து, சோதனையின்போது வீணாகும் ஏடிபியையும் ஈடுகட்டிப் பார்த்து, உண்மை மதிப்பு 3 ஆக இருக்கும் என்றார். 1940களின் இறுதியில் லெனிஞ்சரும் கென்னடியும் இந்த வேலை நடக்கும் இடம் மைட்டோகாண்ட்ரியாதான் என்று நிறுவினார்கள்.

1955இல் பிரிட்டன் சான்ஸும் ரொனால்டு வில்லியம்ஸும் கையாண்ட முறை அளவிடுவதை எளிதாக்கியது. பிரித்தெடுத்த மைட்டோகாண்ட்ரியாவை ஆக்சிஜன் மின்வாய் பொருத்திய சிறு கலத்தில் விடுகிறோம். உணவுப் பொருள் இருக்கிறது, பாஸ்பேட் இருக்கிறது, ஏடிபியைவிட ஒரு பாஸ்பேட் குறைந்த அதன் முன்னோடியான அடினோசின் டைபாஸ்பேட் மட்டும் இல்லை. பதிவுத்தாளில் ஆக்சிஜன் கோடு மெல்லச் சரிகிறது. தெரிந்த அளவு டைபாஸ்பேட்டை ஊசியால் செலுத்தியதும் கோடு சட்டென்று செங்குத்தாக இறங்குகிறது. அது முழுதும் ஏடிபியாக மாறி முடிந்ததும் கோடு பழைய சரிவுக்குத் திரும்புகிறது. செலுத்தியது 300 நானோமோல், அந்த இடைவெளியில் செலவான ஆக்சிஜன் 120 நானோ அணு என்றால் விகிதம் 2.5.

இங்கேதான் வரலாற்றின் முக்கியமான திருப்பம். பல ஆய்வகங்களில் அளவுகள் முழு எண்ணாக வரவில்லை. 3க்குச் சற்றுக் கீழே, 2க்குச் சற்றுக் கீழே என்றே வந்தன. அவற்றை 3 என்றும் 2 என்றும் மேல்நோக்கி முழுமையாக்கினார்கள். அதற்கு அன்றைய கோட்பாடு நியாயம் கொடுத்தது. 1953இல் பில் ஸ்லேட்டர் முன்வைத்த வேதி இணைப்புக் கொள்கையின்படி, எலக்ட்ரான் கடத்துச் சங்கிலியின் மூன்று இடங்களில் ஒவ்வொன்றிலும் ஓர் உயர் ஆற்றல் இடைப்பொருள் உருவாகி, அது ஓர் ஏடிபியைக் கட்டுகிறது. கிளைக்காலிசிஸில் அப்படி ஓர் இடைப்பொருள் வழியாக ஏடிபி உருவாவது ஏற்கெனவே தெரிந்த சங்கதி என்பதால் இந்தக் கொள்கை இயல்பாகவே தோன்றியது. ஓரிடத்தில் ஒரு மூலக்கூறு என்றால் அரை மூலக்கூறுக்கு இடமே இல்லை. 2.6 வந்தால் மைட்டோகாண்ட்ரியா பழுதாகிவிட்டது, சோதனையில் கசிவு இருக்கிறது என்றே பொருள் கொள்ளப்பட்டது. அளவீடு கோட்பாட்டுக்கு வளைந்து கொடுத்தது. 38 என்ற எண் பாடநூலில் ஏறியது இந்தக் காலத்தில்தான்.

ஆனால் அந்த உயர் ஆற்றல் இடைப்பொருளை ஏறத்தாழ இருபது ஆண்டுகள் தேடியும் யாராலும் பிரித்தெடுக்க முடியவில்லை.

மிட்செல் உடைத்த பூட்டு

1961இல் பீட்டர் மிட்செல் ‘நேச்சர்’ இதழில் எழுதிய கட்டுரை, அப்படி ஒரு பொருளே இல்லை என்றது. எலக்ட்ரான்கள் சங்கிலியில் இறங்கும்போது மைட்டோகாண்ட்ரியாவின் உட்சவ்வுக்கு வெளியே புரோட்டான்கள் தள்ளப்படுகின்றன. சவ்வின் இருபுறமும் அமிலத்தன்மையும் மின்னழுத்தமும் வேறுபடுகின்றன. திரும்ப உள்ளே வரத் துடிக்கும் புரோட்டான்களின் விசையே ஏடிபியைக் கட்டுகிறது. உடல்நலம் குன்றி எடின்பரோ பல்கலைக்கழகத்தை விட்டு விலகிய மிட்செல், இங்கிலாந்தின் கார்ன்வாலில் கிளின் ஹவுஸ் என்ற பழைய மாளிகையைப் புதுப்பித்து ஆய்வகமாக்கி, ஜெனிஃபர் மாய்லுடன் சேர்ந்து சோதனைகளைத் தொடர்ந்தார். தன் கோட்பாட்டின் விரிவான வடிவத்தை 1966இலும் 1968இலும் தானே அச்சிட்டு வெளியிட்டார்.

ஆதரவான சான்றுகள் பிறரிடமிருந்து வந்தன. 1966இல் ஜாகென்டார்ஃபும் உரைபும் பசுங்கணிகச் சவ்வுகளை முதலில் அமிலக் கரைசலில் ஊறவைத்து, உடனே காரக் கரைசலுக்கு மாற்றினார்கள். இருட்டிலேயே ஏடிபி உருவானது. ஒளியும் இல்லை, எலக்ட்ரான் ஓட்டமும் இல்லை, புரோட்டான் வேறுபாடு மட்டுமே இருந்தது. 1974இல் ராக்கரும் ஸ்டோக்கனியஸும் உப்பில் வாழும் நுண்ணுயிரியின் ஊதா நிறப் புரதத்தையும் மாட்டிதயத்தின் ஏடிபி நொதியையும் ஒரே செயற்கைச் சவ்வுக்குமிழியில் பதித்து ஒளியைப் பாய்ச்சினார்கள். ஒன்றுக்கொன்று எந்த உறவும் இல்லாத இரு புரதங்கள் சேர்ந்து ஏடிபி தயாரித்தன. இணைக்கும் இடைப்பொருள் என்று ஒன்று தேவையில்லை, புரோட்டான் போதும் என்பது உறுதியானது. 1978இல் மிட்செலுக்கு வேதியியல் நோபல் கிடைத்தது.

நம் வினாவுக்கு இதனால் என்ன வந்தது? முழு எண்ணுக்கான கட்டாயம் போய்விட்டது. சங்கிலியின் எல்லாப் புரதக் கூட்டமைப்புகளும் தள்ளும் புரோட்டான்கள் ஒரே பொதுக்கணக்கில் சேர்கின்றன. எந்தப் புரோட்டானும் எந்தக் குறிப்பிட்ட ஏடிபிக்கும் சொந்தமில்லை. தள்ளப்படுவது எத்தனை, ஓர் ஏடிபிக்குச் செலவாவது எத்தனை என்று வகுத்தால் பின்னம் வந்தாலும் தவறில்லை. அன்று பழுது என்று ஒதுக்கிய 2.6 போன்ற அளவுகளுக்கு மறுபடி மதிப்பு வந்தது.

புரோட்டான் எண்ணிக்கை

எண்ணுவது அவ்வளவு எளிதாக இல்லை. மிட்செலே முதலில் குறைத்து எண்ணினார். சங்கிலியின் கடைசிக் கண்ணியான சைட்டோகுரோம் ஆக்சிடேஸ் புரோட்டானை இறைப்பதில்லை என்பது அவர் நிலைப்பாடு. 1977இல் ஃபின்லாந்தின் மார்ட்டன் விக்ஸ்ட்ரோம் அது இறைக்கிறது என்று காட்டினார். மிட்செல் பல ஆண்டுகள் மறுத்துப் பின்னர் ஒப்புக்கொண்டார்.

இன்று பரவலாக ஏற்கப்படும் கணக்கு இது. ஓர் என்ஏடிஹெச்சின் இரண்டு எலக்ட்ரான்கள் ஆக்சிஜனைச் சேர்வதற்குள் 1ஆம் கூட்டமைப்பில் 4, 3ஆம் கூட்டமைப்பில் 4, 4ஆம் கூட்டமைப்பில் 2 என மொத்தம் 10 புரோட்டான்கள் வெளியே போகின்றன. எஃப்ஏடிஹெச்2வின் எலக்ட்ரான்கள் முதல் கூட்டமைப்பைத் தொடாமல் நுழைவதால் 6 மட்டுமே. முதல் கூட்டமைப்பு 4 அல்ல, 3தான் இறைக்கிறது என்று விக்ஸ்ட்ரோமும் ஹம்மரும் 2012இல் வாதிட்டார்கள். பெரும்பான்மையோர் 4 என்பதிலேயே நிற்கிறார்கள்.

செலவுப் பக்கத்தில், ஏடிபி நொதி ஓர் ஏடிபிக்குச் சுமார் 3 புரோட்டான் எடுக்கிறது. அதோடு முடிவதில்லை. பாஸ்பேட்டை உள்ளே கொண்டுவரவும், கட்டிய ஏடிபியை வெளியே அனுப்பவும் சேர்ந்து இன்னொரு புரோட்டான் செலவு. மொத்தம் 4. பத்தை நான்கால் வகுத்தால் 2.5, ஆறை நான்கால் வகுத்தால் 1.5. பீட்டர் ஹிங்கிளும் அவர் குழுவினரும் 1991இல் கவனமாக அளந்து வெளியிட்ட பி/ஓ விகிதங்களும் இவையே. அதன் பிறகுதான் பெரிய பாடநூல்கள் ஒவ்வொன்றாக 38ஐக் கைவிட்டு 30, 32க்கு வந்தன.

சுழலும் நொதி

கதை அங்கே நின்றிருந்தால், பழைய எண்ணுக்குப் பதில் புதிய எண் என்று முடித்திருக்கலாம். ஏடிபி நொதியின் உள்ளமைப்பு தெரியவந்தபோது 2.5உம் இறுதி எண் அல்ல என்று ஆனது.

இந்த நொதியின் மூன்று வினையிடங்கள் மாறி மாறி வேலை செய்கின்றன, நடுத்தண்டு சுழல்கிறது என்று பால் பாயர் கணித்தார். 1994இல் ஜான் வாக்கரின் குழு மாட்டிதய நொதியின் தலைப்பகுதியைப் படிக வடிவில் காட்டியது. 1997இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் தண்டின் நுனியில் ஒளிரும் ஆக்டின் இழையை ஒட்டி, அது சுழல்வதை நுண்ணோக்கியில் நேராகவே பார்த்தார்கள். அதே ஆண்டு பாயருக்கும் வாக்கருக்கும் நோபல்.

சவ்வுக்குள் பதிந்திருக்கும் வளையத்தில் ‘சி’ என்னும் துணையலகுகள் வட்டமாக அடுக்கப்பட்டுள்ளன. ஒவ்வொரு புரோட்டானும் வளையத்தை ஒரு துணையலகு தூரம் நகர்த்துகிறது. ஒரு முழுச் சுற்றுக்கு 3 ஏடிபி. எனவே ஒரு சுற்றுக்கான புரோட்டான் செலவு வளையத்தில் எத்தனை துணையலகு என்பதைப் பொறுத்தது, சைக்கிளில் பல்சக்கரத்தின் பல் எண்ணிக்கை மிதிக்கும் கணக்கை மாற்றுவதைப் போல. பேக்கரி ஈஸ்ட்டில் 10 என்று 1999இலும், மாட்டிதயத்தில் 8 என்று 2010இலும் வாக்கரின் குழுவே காட்டியது. பசலைக்கீரையின் பசுங்கணிகத்தில் 14.

மாட்டுக்கு, அதனால் நமக்கும், கணக்கு இப்படி மாறுகிறது. 8ஐ 3ஆல் வகுத்தால் 2.67. போக்குவரத்துச் செலவு 1 சேர்த்தால் 3.67. என்ஏடிஹெச்சுக்கு 2.73, எஃப்ஏடிஹெச்2க்கு 1.64. இன்னும் துல்லியமாகப் பார்க்க, முழு குளுக்கோசுக்கும் புரோட்டான் கணக்கையே எழுதிவிடலாம். 10 என்ஏடிஹெச் தள்ளுவது 100, 2 எஃப்ஏடிஹெச்2 தள்ளுவது 12, மொத்தம் 112. பைருவேட் இரண்டும் உள்ளே வர 2, கிளைக்காலிசிஸின் என்ஏடிஹெச் எலக்ட்ரான்களை உள்ளே கொண்டுசேர்க்கும் மாலேட்-அஸ்பார்டேட் ஷட்டிலுக்கு 2 என 4 கழிந்தால் 108. அதை 3.67ஆல் வகுத்தால் ஏறத்தாழ 29.45. நேரடியாக வந்த 4ஐயும் சேர்த்தால் 33.45. மார்ட்டின் பிராண்டும் உடன் பணியாற்றியோரும் 2017இல் வெளியிட்ட உச்ச மதிப்பும் இதுதான். தேர்வு விருப்பங்கள் எதிலும் இந்த எண்ணைப் பார்க்க முடியாது.

எந்தச் செல், எந்த நிலை?

33.45 என்பதும் உச்சவரம்புதான். உயிருள்ள செல்லில் என்ன நடக்கிறது என்பது, எந்தச் செல் என்பதைப் பொறுத்தது.

நம் இரத்தச் சிவப்பணுவில் மைட்டோகாண்ட்ரியாவே இல்லை. அங்கே ஒரு குளுக்கோசுக்கு 2 ஏடிபி, அவ்வளவுதான். ஹீமோகுளோபின் ஆக்சிஜனை விடுவிக்க உதவும் பிஸ்பாஸ்போகிளிசரேட்டைத் தயாரிக்கும் கிளைவழியில் குளுக்கோஸ் முழுவதும் போனால் நிகர வரவு பூஜ்யம்.

பேக்கரி ஈஸ்ட்டில் மைட்டோகாண்ட்ரியா உண்டு, ஆனால் புரோட்டான் இறைக்கும் முதல் கூட்டமைப்பு இல்லை. அதன் இடத்தில் இருக்கும் எளிய நொதி எலக்ட்ரானைக் கைமாற்றுவதோடு சரி. எனவே ஈஸ்ட்டில் என்ஏடிஹெச்சுக்கும் 6 புரோட்டான்தான். வளையமும் 10 பல் கொண்டது. கணக்குப் போட்டால் குளுக்கோசுக்கு ஏறத்தாழ 20 ஏடிபி மட்டுமே தேறுகிறது. சுவாசப் பாடத்தில் எடுத்துக்காட்டாக அடிக்கடி வரும் உயிரிக்கே 38உம் பொருந்தவில்லை, 32உம் பொருந்தவில்லை.

மைட்டோகாண்ட்ரியா இல்லாததால் பாக்டீரியாவுக்குப் போக்குவரத்துச் செலவு கிடையாது, ஆகவே அங்கே 38 முழுதாகக் கிடைக்கும் என்பது வழிகாட்டி நூல்களின் வாடிக்கையான வாக்கியம். ஈ. கோலையை எடுத்துக்கொள்வோம். அதனிடம் 3ஆம் கூட்டமைப்பு இல்லை. ஆக்சிஜன் தாராளமாக இருக்கையில் என்ஏடிஹெச்சின் எலக்ட்ரான்கள் செல்லும் சிறந்த பாதையில் 8 புரோட்டான்கள் கிடைக்கும். அதன் வளையத்தில் 10 துணையலகு என்பதால் ஓர் ஏடிபிக்கு 3.33 செலவு. ஆக 2.4 ஏடிபி. சிக்கனமில்லாத மாற்றுப் பாதையில் போனால் 2 புரோட்டான், அதாவது 0.6 ஏடிபி. ஒரே பாக்டீரியா, நிலைமைக்கு ஏற்ப இரண்டு பாதைகளையும் பயன்படுத்துகிறது.

தாவரங்களில் மாற்று ஆக்சிடேஸ் என்னும் நொதி 3, 4ஆம் கூட்டமைப்புகளைத் தாண்டி எலக்ட்ரானை நேரே ஆக்சிஜனிடம் ஒப்படைத்துவிடும். ஏடிபி குறையும், ஆற்றல் வெப்பமாக வெளிப்படும். தாமரைப் பூ இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் ரோஜர் சீமோரும் ஷுல்ட்சே-மோட்டலும் அளந்து 1996இல் வெளியிட்ட ஆய்வில், வெளிக்காற்று 10 டிகிரி வரை குளிர்ந்தபோதும் பூவின் உட்புறம் 30 முதல் 35 டிகிரியிலேயே நின்றது. அந்தச் சூட்டுக்குப் பொறுப்பு மாற்று ஆக்சிடேஸ் என்பதைப் பின்வந்த ஆய்வுகள் காட்டின. அந்தப் பூவில் எரியும் சர்க்கரையிடம் எத்தனை ஏடிபி என்று கேட்பதே பொருத்தமில்லை. அது ஏடிபிக்காக எரிவதே இல்லை.

பிறந்த குழந்தையின் பழுப்புக் கொழுப்பிலும் இதே நோக்கம், வேறு வழி. அங்கே ஒரு தனிப் புரதம் புரோட்டான்களை ஏடிபி நொதியின் பக்கம் விடாமல் உள்ளே கசியவிட்டு உடலுக்குச் சூடு தருகிறது. அதே கசிவை மருந்தால் உண்டாக்கிய விபரீதமும் வரலாற்றில் உண்டு. 1933 முதல் அமெரிக்காவில் உடல் இளைக்க டைநைட்ரோஃபீனால் விற்கப்பட்டது. எடை குறைந்தது உண்மை. உடல் சூடேறிச் சிலர் இறந்தார்கள், பலருக்குக் கண்புரை வந்தது. 1938இல் அது சந்தையிலிருந்து அகற்றப்பட்டது. இவை எதுவும் இல்லாத சாதாரணத் திசுவிலும் சவ்வு வழியே புரோட்டான் ஓரளவு கசிந்துகொண்டேதான் இருக்கிறது.

திறன் என்னும் துணைவினா

இந்த வினாவோடு ஒட்டி வருவது, "சுவாசத்தின் ஆற்றல் திறன் எவ்வளவு?" என்பது. எதிர்பார்க்கப்படும் விடை 40 விழுக்காடு. ஒரு மோல் குளுக்கோசின் 686 கிலோகலோரியில் 38 மடங்கு 7.3 எவ்வளவு பங்கு என்று போட்டால் அது வரும். 32 என்று மாற்றினால் 34 விழுக்காடாகக் குறைந்துவிடும். ஆனால் 7.3 என்பது எல்லாப் பொருளும் 1 மோலார் செறிவில் இருக்கும் திட்ட நிலைக்கான மதிப்பு. செல்லில் ஏடிபி மிகுதியாகவும் அதன் சிதைவுப் பொருள்கள் குறைவாகவும் இருப்பதால், ஒரு மோல் ஏடிபியின் உண்மை மதிப்பு 50 கிலோஜூல் அளவுக்கு உயர்கிறது, அதாவது சுமார் 12 கிலோகலோரி. அந்த நிலையில் திறன் 50 விழுக்காட்டைத் தாண்டும். இங்கும் எண்ணை நிர்ணயிப்பது நாம் வைக்கும் நிபந்தனைதான்.

என்ன கேட்கலாம்?

தேர்வுக்கு எளிய கணக்கு வேண்டும், அறுபது பேர் விடைத்தாளை ஒரே அளவுகோலில் திருத்த வேண்டும், பள்ளி மாணவரிடம் சி-வளையத்தைப் பற்றிப் பேச முடியாது என்ற வாதங்கள் நியாயமானவை. என்சிஇஆர்டி நூலே இந்தக் கணக்கு சில அனுமானங்களின் மேல் நிற்பது, உயிருள்ள அமைப்பில் அவை அப்படியே செல்லாது என்று எழுதியிருக்கிறது. சிக்கல் நூலில் இல்லை. அந்தப் பத்தியை உதறிவிட்டு எண்ணை மட்டும் எடுத்து, நான்கு விருப்பங்களில் 30, 32, 36, 38 என்று வரிசையாக வைக்கும் வினாவில்தான் சிக்கல். அதில் சோதிக்கப்படுவது மாணவர் எந்தப் பதிப்பைப் படித்தார் என்பதே.

அதே பாடத்திலிருந்து வேறு வகையாகக் கேட்க முடியும். சில மாதிரிகள்:

1. என்ஏடிஹெச்சுக்கு 2.5, எஃப்ஏடிஹெச்2க்கு 1.5 எனக் கொண்டு, மாலேட்-அஸ்பார்டேட் ஷட்டில் இயங்கும் கல்லீரல் செல்லிலும், கிளிசரால் பாஸ்பேட் ஷட்டில் இயங்கும் பூச்சியின் பறக்கும் தசையிலும் ஒரு குளுக்கோசுக்கான ஏடிபியைக் கணக்கிடுக. வேறுபாடு ஏன்?

2. மைட்டோகாண்ட்ரியாவில் ரோட்டெனோன் சேர்த்து முதல் கூட்டமைப்பை அடைத்தாகிவிட்டது. இப்போது சக்சினேட் கொடுத்தால் ஏடிபி உருவாகுமா? உருவானால் ஓர் ஆக்சிஜன் அணுவுக்கு எவ்வளவு?

3. ஒலிகோமைசின் சேர்த்ததும் ஆக்சிஜன் செலவு குறைந்தது. பின் டைநைட்ரோஃபீனால் சேர்த்ததும் அது ஏறியது. ஏடிபி உருவானதா? காரணம் கூறுக.

4. ஓர் உயிரியின் வளையத்தில் 8 துணையலகு, இன்னொன்றில் 14. அதே அளவு புரோட்டான் ஓட்டத்தில் யாருக்கு ஏடிபி அதிகம்? புரோட்டான் விசை குறைவாக உள்ள சூழலில் யாருக்கு வசதி?

5. பால்மிட்டேட்டின் ஏடிபி மதிப்பு ஒரு நூலில் 129, இன்னொன்றில் 106. இரண்டும் எப்படி வருகின்றன என்று காட்டுக.

கடைசி வினாவில் மாணவர்கள் அடிக்கடி வழுக்கும் இடம் ஒன்று இருக்கிறது. அசிட்டைல் கோஎன்சைம் ஏ-க்குப் பழைய விகிதத்தின் 12ஐயும், என்ஏடிஹெச்சுக்குப் புதிய விகிதத்தின் 2.5ஐயும் கலந்துவிடுவார்கள். பழைய விகிதத்தில் 8 அசிட்டைல் தொகுதிக்கு 96, பீட்டா ஆக்சிஜனேற்றத்தின் 7 சுற்றுக்கு 35, தொடக்கச் செலவு 2 போக 129. புதிய விகிதத்தில் 80, 28, செலவு 2 போக 106. எதைப் பிடித்தாலும் கடைசிவரை அதையே பிடிக்க வேண்டும்.

இவை எவையும் விடைத்தாள் திருத்துபவரைத் திணறடிக்கும் வினாக்கள் அல்ல. நிபந்தனை வினாவிலேயே இருப்பதால் விடை ஒன்றுதான். மனப்பாடம் செய்தவர் இவற்றில் தடுமாறுவார், வழி தெரிந்தவர் எழுதிவிடுவார்.

வினாத்தாள் தயாரிக்கும் ஆசிரியர்களிடம் வைக்கும் வேண்டுகோள் ஒன்றே. எண்ணைக் கேட்பதானால் எந்த விகிதம், எந்த ஷட்டில் என்பதை வினாவிலேயே ஒரு வரியில் சொல்லிவிடுங்கள். மாணவருக்கும் ஒரு சொல். கொள்குறி வினாவில் உங்கள் பாடத்திட்டம் எந்த எண்ணைச் சொல்கிறதோ அதைக் குறியுங்கள், அங்கே வாதாடி லாபமில்லை. விரிவான விடையில் மட்டும், எண்ணுக்கு முன்னால் அந்த எண்ணின் அனுமானத்தை எழுதுங்கள். அனுமானம் எழுதியிருந்தால் 38உம் சரி, 30உம் சரி. எழுதாவிட்டால் 33.45 என்று எழுதினாலும் அது பாதி விடைதான்.